முதுகுவலி: டாக்டரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது?

“டாக்டர், குறுக்கு ஒடியுது. ஒரு ஊசி போட்டு விடுங்க, நாளைக்கு நடவுக்குப் போகணும்.”

ஆரம்ப சுகாதார நிலையங்களில் புறநோயாளிகள் வரிசையில் அடிக்கடி காதில் விழும் வார்த்தைகள் இவை. சொல்பவர் நாற்று நடும் அம்மாவாக இருக்கலாம். மூட்டை தூக்கும் அண்ணனாகவோ, நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்காரும் தங்கையாகவோ, ஆட்டோ ஓட்டுநராகவோ இருக்கலாம். இவர்களுக்கு வலியோடு சேர்ந்து இன்னொரு கவலையும் உண்டு. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு.

அந்த அம்மாவை டாக்டர் பரிசோதிக்கிறார். முதுகை அழுத்திப் பார்க்கிறார், படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்க்கிறார். “பயப்பட ஒண்ணும் இல்லம்மா. மாத்திரை தர்றேன், படுத்தே கிடக்காம நடமாடுங்க” என்கிறார். வெளியே வரும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. “இவ்வளவு வலிக்குது, ஒரு ஸ்கேன்கூட எடுக்கச் சொல்லலையே” என்று நினைக்கிறார். அடுத்த வாரம் கடன் வாங்கி, டவுனுக்குப் பஸ் ஏறி, ஸ்கேன் எடுக்கிறார். “ஜவ்வு விலகியிருக்கு” என்று பதில் வருகிறது. அன்றிலிருந்து குனியவே பயம். வேலையும் நின்றுபோகிறது.

இப்படி நடக்கும்போது பெரும்பாலும் சிகிச்சையில் தவறு இருப்பதில்லை. அந்த அம்மா தன் பயத்தைச் சொல்லவில்லை. டாக்டர் தன் காரணத்தை விளக்கவில்லை. அந்த இடைவெளிக்குத்தான் கடனும் வேலை இழப்பும் விலையாகின்றன. நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ முதுகுவலிக்காக அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையம் செல்லும்போது, கிடைக்கும் சில நிமிடங்களை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள இந்தக் கட்டுரை உதவும்.

உங்களுக்கு மட்டும் வந்த வலி அல்ல

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61.9 கோடி பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. 2050-இல் இது 84.3 கோடியாக உயரும் என்று அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. மனிதர்களின் அன்றாட வேலையை அதிகம் முடக்கும் உடல்நலப் பிரச்சினைகளில் இது முதன்மையானது.

இந்த வலியில் சுமார் 90 சதவீதம், குறிப்பிட்ட ஒரு நோயையோ சிதைவையோ காரணமாகக் காட்ட முடியாத வலி. “அப்படின்னா வலி பொய்யா?” என்று கேட்கலாம். இல்லை, வலி முழுக்க உண்மை. தசை, தசைநார், சிறு மூட்டுகள் இவற்றில் எது வேண்டுமானாலும் வலிக்கலாம். இன்ன இடம்தான் என்று விரல் வைத்துக் காட்டும் சோதனை இல்லை, அவ்வளவுதான். இவ்வகை வலி புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே நன்றாகக் குறைந்துவிடும். திரும்ப வருவதும் உண்டு. திரும்ப வந்துவிட்டதாலேயே முதுகு கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

உங்கள் பக்கம் என்ன இருக்கிறது?

முதுகுவலியோடு வருபவர்கள் மனதில் பொதுவாக மூன்று கேள்விகள் இருக்கும். எனக்கு என்ன ஆயிற்று? எப்போது சரியாகும்? அதுவரை வேலை பார்க்கலாமா? இவற்றை நேராகக் கேட்பவர்கள் குறைவு. அதற்குப் பதிலாக “ஊசி போடுங்க”, “ஸ்கேன் எழுதுங்க” என்று கேட்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. முதுகுவலி வெளியே தெரியாது. காயம் இல்லை, கட்டு இல்லை. வீட்டில் “சும்மா சாக்கு சொல்றா” என்கிறார்கள். மேஸ்திரியும் நம்ப மாட்டார். அதனால் வலியை நிரூபிக்க ஒரு காகிதம் தேவைப்படுகிறது. ஸ்கேன் கேட்பவர்களில் சிலருக்கு உண்மையில் வேண்டியது படம் அல்ல, தன் வலியை ஒருவர் நம்ப வேண்டும் என்பதுதான்.

டாக்டரின் பக்கம் என்ன இருக்கிறது?

வெளியே வரிசை நீண்டிருக்கும். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் டாக்டர் முதலில் தேடுவது ஆபத்தான அறிகுறிகளை. எலும்பு முறிவு, முதுகெலும்புக் காசநோய், புற்றுநோய், நரம்பு நசுக்கம் போன்றவை முதுகுவலிக்காரர்களில் மிகச் சிலருக்குத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிலரைத் தவற விடக்கூடாது. காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று அவர் கேட்பது அதற்காகத்தான். “முதுகு வலிக்குதுன்னு வந்தா ஒண்ணுக்குப் போறதைக் கேக்குறாரே” என்று கூச்சப்பட வேண்டாம். அந்தப் பதிலில் ஒரு பெரிய ஆபத்து பிடிபடலாம்.

“தூக்கம் எப்படி? வீட்டில் ஏதாவது கவலையா?” என்றும் சில டாக்டர்கள் கேட்பார்கள். உடனே “என் வலி மனசுலதான்னு சொல்றாரு” என்று பலர் வருத்தப்படுகிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. தூக்கம் கெட்டாலும், கடன் கவலை இருந்தாலும், “இனி நிமிரவே முடியாதோ” என்ற பயம் இருந்தாலும் அதே வலி கூடுதலாகத் தெரியும், நாள்பட நீடிக்கும். அதைக் குறைப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி.

டாக்டர்கள் தரப்பிலும் ஒரு குறை நேர்வதுண்டு. “எலும்பு தேய்மானம்”, “டிஸ்க் பல்ஜ்” என்ற சொற்களை அவர்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். கேட்பவருக்கோ எலும்பு மாவாகிவிட்டது போலவும், முதுகு எந்த நேரமும் உடையும் போலவும் கேட்கும். அப்படி ஒரு சொல் காதில் விழுந்தால், “அது எனக்கு ஆபத்தா டாக்டர்?” என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஸ்கேன் ஏன் முதலிலேயே எடுப்பதில்லை?

ஸ்கேன் வேண்டாம் என்பது செலவைக் குறைக்கச் சொல்லும் சமாதானம் அல்ல. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் காணப்பட்டது. 50 வயதில் அது 80 சதவீதம். 80 வயதில் 96 சதவீதம். 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு ஜவ்வு சற்றுப் பிதுங்கியும் இருந்தது. இவர்கள் யாருக்கும் முதுகுவலி இல்லை.

தலை நரைப்பது போல முதுகெலும்பும் வயதுக்கு ஏற்ப மாறுகிறது. ஆகவே படத்தில் தெரியும் தேய்மானம்தான் உங்கள் வலிக்குக் காரணம் என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆபத்து அறிகுறி ஏதும் இல்லாதபோது, ஸ்கேன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தொடக்கச் சிகிச்சை ஒன்றுதான். எடுத்துவிட்டால் பயமும் செலவும் கூடுகின்றன.

அதே நேரத்தில், கீழே உள்ள அறிகுறிகள் இருந்தால் படமோ இரத்தப் பரிசோதனையோ தேவைப்படலாம். அப்போது தாமதிக்கக் கூடாது.

இந்த அறிகுறிகள் இருந்தால் காத்திருக்காதீர்கள்

உடனே, அதே நாளில் மருத்துவமனை செல்ல வேண்டியவை:

• சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவது
• பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடைப் பகுதிகள் மரத்துப்போவது
• கால் பலம் குறைந்துகொண்டே போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது
• மேலிருந்து விழுந்தபிறகோ விபத்துக்குப் பிறகோ வந்த கடும் வலி. வயதானவர்களுக்கு வழுக்கி உட்கார்ந்தால்கூட எலும்பு முறியலாம்

இவற்றில் ஒன்று இருந்து, நடக்க முடியாத நிலை என்றால் 108-ஐ அழைக்கலாம்.

ஓரிரு நாளில் டாக்டரைப் பார்க்க வேண்டியவை:

• முதுகுவலியோடு காய்ச்சல், குறிப்பாக மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, எடை குறைதல். முதுகெலும்பிலும் காசநோய் வரும். அதற்கான பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்
• முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் முதுகுவலி
• படுத்தாலும் குறையாத, இரவில் எழுப்பிவிடும் வலி
• நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வரும் வலி
• இளம் வயதில், காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடமாடினால் இளகும் வலி மாதக்கணக்கில் நீடிப்பது
• விலாவின் பின்புறத்திலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, சிறுநீரில் எரிச்சல் அல்லது இரத்தம். இது சிறுநீரகக் கல்லாகவோ கிருமித் தொற்றாகவோ இருக்கலாம்

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

வரிசையில் காத்திருக்கும்போதே இவற்றை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

எப்போது, எப்படித் தொடங்கியது? “மூணு வாரமா இருக்கு, குடம் தூக்கும்போது பிடிச்சுது” என்பது “ரொம்ப நாளா வலி” என்பதைவிட உதவும்.

எங்கே வலிக்கிறது, எங்கே பரவுகிறது? இடுப்போடு நிற்கிறதா, பிட்டம் வழியாக முழங்காலுக்குக் கீழே பாதம் வரை இழுக்கிறதா? மரத்துப்போகிறதா? பலம் குறைகிறதா? கையால் தொட்டுக் காட்டுங்கள். சிலர் “வாயுப் பிடிப்பு”, “நரம்பு இழுக்குது” என்று சொல்வார்கள். அந்தச் சொற்கள் ஆளுக்கு ஆள் வேறு பொருள் தரும். இடத்தைக் காட்டிவிட்டால் குழப்பம் இல்லை.

எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது?

என்ன வேலை பார்க்கிறீர்கள், எந்த வேலையைச் செய்ய முடியவில்லை? இதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். “குனிஞ்சு நடவு நட முடியல” என்று சொன்னால்தான், எத்தனை நாளில் எந்த வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்ல முடியும்.

வேறு என்ன நோய், என்ன மருந்து? சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், கர்ப்பம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை, நாட்டு மருந்து, சித்த மருந்து, சுளுக்கு எடுத்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைத்தால் பாதிப்பு உங்களுக்குத்தான்.

கடைசியாக, உங்கள் பயம். “எங்க அப்பா இப்படித்தான் தொடங்கி நடக்க முடியாமப் போனாரு டாக்டர், எனக்கும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு.” இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் டாக்டருக்கு எதை விளக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. ஆபத்தான அறிகுறி ஏதாவது எனக்கு இருக்கா?
2. எத்தனை நாளில் குறையணும்? குறையலைன்னா எப்போ திரும்ப வரணும்?
3. என் வேலையில எதைச் செய்யலாம், எதைக் கொஞ்ச நாள் தவிர்க்கணும்?
4. இந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிடணும், எப்போ நிறுத்தணும்?

இந்த நான்கு கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தெளிவான பதிலோடு வீட்டுக்குப் போகும் நோயாளி அநாவசியமாக அலைவதில்லை என்பது டாக்டருக்கும் நல்லதே.

மாத்திரை, ஊசி, பெல்ட்

வலி மருந்து சில நாட்களுக்கு உதவும். நீங்கள் நடமாட முடிகிற அளவுக்கு வலியைக் குறைப்பதே அதன் வேலை. ஊசியில் தனி சக்தி இருப்பதாக ஒரு நம்பிக்கை உண்டு. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஊசியாகவும் வருகிறது, மாத்திரையாகவும் வருகிறது. இரண்டும் ஒரே மருந்து. ஊசி சற்று முன்னதாக வேலை செய்யலாம். அதனால் முதுகு சீக்கிரம் குணமாகிவிடாது.

வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, சொன்ன நாட்கள் மட்டும் சாப்பிடுங்கள். மாதக்கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிட்டால் வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் வரலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். கடையில் தரும் பெயர் தெரியாத “செட்டு மாத்திரை” வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் உங்களுக்குத் தெரியாது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் கீழ்முதுகு வலிக்கான சிகிச்சை குறித்து உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, வலி பற்றிய விளக்கமும் ஆலோசனையும், தேவைப்படுவோருக்கு மனநல ஆதரவு ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. எனவே பெல்ட் வாங்கப் பணம் இல்லையே என்று வருந்தத் தேவையில்லை.

வீட்டிலும் வேலையிலும்

“படுத்து ரெஸ்ட் எடுத்தாத்தான் சரியாகும்” என்பது பழைய அறிவுரை. கடும் வலியில் ஒன்றிரண்டு நாள் படுப்பது சரி. அதற்கு மேல் படுத்தே இருந்தால் தசை பலம் இழக்கும், வலி நீடிக்கும். வீட்டுக்குள்ளேயே தொடங்கி, தெருமுனை வரை, பிறகு அரை மணி நேரம் என்று நடையைக் கூட்டுங்கள். நடக்கும்போது லேசாக வலித்தால் முதுகு கெடுகிறது என்று அர்த்தம் இல்லை.

வலி கொஞ்சம் குறைந்ததும் இரண்டு எளிய பயிற்சிகளைத் தொடங்கலாம். மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி இரு கைகளாலும் மார்பை நோக்கி மெதுவாக இழுத்துச் சில நொடிகள் வைத்திருந்து விடுங்கள், பிறகு மறுகால். அடுத்து, இரு முழங்காலையும் மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மட்டும் மெதுவாக மேலே தூக்கி இறக்குங்கள். ஐந்து முறையில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ காட்டுங்கள்.

வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுக்கலாம். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டைப் பிறரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நிலையில் நீண்ட நேரம் இருப்பதுதான் பலருக்கு வலியைக் கூட்டுகிறது. நடவிலும் களையெடுப்பிலும் இடையிடையே நிமிர்ந்து நாலடி நடங்கள். தையல் மெஷினிலும் கம்ப்யூட்டர் முன்னும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்கள். ஒரு பெரிய குடத்தை ஒரே இடுப்பில் சுமப்பதைவிடத் தண்ணீரை இரண்டு சிறு பாத்திரங்களில் பிரித்து இரு கைகளிலும் எடுப்பது எளிது. மூட்டையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரண்டு வாரம் தண்ணீர் எடுக்கும் வேலையை மாற்றிக்கொண்டால், அதுவும் சிகிச்சைதான்.

குறையவில்லை என்றால் எங்கே போவது?

ஆறு வாரம் ஆகியும் வலி குறையவில்லை, அல்லது காலுக்கு இறங்கும் வலி கூடுகிறது என்றால் அதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் திரும்பச் செல்லுங்கள். இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு டாக்டரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். தேவையானால் அவர் உங்களை அரசு வட்ட மருத்துவமனைக்கோ, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைப்பார்.

ஸ்கேன் தேவை என்று டாக்டர் எழுதினால், தனியார் மையத்துக்குக் கடன் வாங்கி ஓடுமுன் விசாரியுங்கள். அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஸ்கேன் மையங்கள் குறைந்த கட்டணத்தில் இயங்குகின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் சென்று, உங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மையத்தில் கேளுங்கள்.

வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள்.

தொழிற்சாலை, மில், பனியன் கம்பெனி போன்ற இடங்களில் வேலை பார்த்து இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், வலியால் விடுப்பு எடுக்க நேர்ந்தால் இ.எஸ்.ஐ. டாக்டரிடம் சான்று பெறுங்கள். சந்தா நிபந்தனைகள் நிறைவாக இருந்தால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். இது தெரியாமல் வலியோடு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு.

எங்கே போவது, எப்போது போவது என்று சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

முதலில் சொன்ன நடவு அம்மாவுக்கே வருவோம். ஊசி கேட்பதற்கு முன் அவர், “நாளைக்கு நடவு இருக்கு, ஒரு நாள் கூலிகூட விட முடியாது. முதுகு போயிடுமோன்னு பயமாவும் இருக்கு டாக்டர்” என்று சொல்லியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். “முதுகுக்கு ஆபத்து இல்லம்மா. கால்ல மரப்பு இல்லை, பலம் இருக்கு, நான் பாத்துட்டேன். ரெண்டு நாள் நாத்துக்கட்டு தூக்காதீங்க, அப்புறம் பாதி நாள் நடவுக்குப் போங்க. பத்து நாள் கழிச்சு வந்து காட்டுங்க” என்று டாக்டர் சொல்லியிருப்பார். இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. அடுத்த முறை வரிசையில் உங்கள் பெயர் அழைக்கப்படும்போது, உங்கள் வேலையையும் உங்கள் பயத்தையும் முதலில் சொல்லுங்கள்.